மேல்மாடிச் சண்டையும் கீழ்த்தளச் சாவியும்



பிரிக்ஃபீல்ட்ஸில் ஜாலான் துன் சம்பந்தன் ஓரமாகவும், கிள்ளானில் ஜாலான் தெங்கு கிளானா ஓரமாகவும் உள்ள கைப்பேசிக் கடைகளுக்கு வருகிறவர் முதலில் விலையைக் கேட்பார். அடுத்துக் கேமராவைப் பற்றிக் கேட்பார். கல்லூரி வயதுக்காரராக இருந்தால் மூன்றாவதாக ஒரு கேள்வி வரும்: “உள்ளே இருப்பது ஸ்னாப்டிராகனா, டைமென்சிட்டியா?” அந்த மூன்றாவது கேள்விதான் இன்றைய பேச்சுக்குப் பொருள். ‘செயலி’ என்ற சொல்லை நாம் ஆப்புக்குக் கொடுத்துவிட்டோம். ஆகவே கைப்பேசிக்கு மூளையாக இருக்கும் சில்லை நான் பிராசஸர் என்றே சொல்லப்போகிறேன். பிராசஸர் சந்தையில் கடும் போட்டி நடக்கிறது என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்தப் போட்டி ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் மட்டும் நடக்கிறது. கீழே இறங்க இறங்க ஆள் குறைந்து, ஒவ்வொரு தளத்தின் சாவியும் ஏறக்குறைய ஒருவர் கையில் இருக்கிறது. மலேசியா இப்போது இந்தக் கட்டடத்தில் பெரும் பணம் போட முன்வந்திருக்கிறது. நாம் எந்தத் தளத்தில் நிற்கிறோம், எந்தத் தளத்துக்குப் போகவேண்டும் என்ற தெளிவில்லாமல் போடும் பணம் வாடகையாகவே போய்விடும். இதை நிறுவுவதுதான் என் நோக்கம்.

முதலில் மேல்மாடியைப் பார்ப்போம். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் அங்கே பெருங்கூட்டம் இருந்தது. டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ், என்விடியா, இன்டெல், பிராட்காம், ஐரோப்பாவின் எஸ்டி-எரிக்சன் என்று பெரிய பெயர்கள் எல்லாம் கைப்பேசிக்குச் சில்லு செய்தன. 2012இல் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் இந்தச் சந்தையை விட்டு விலகுவதாக அறிவித்தது. 2013இல் எஸ்டி-எரிக்சன் கலைக்கப்பட்டது. 2014இல் பிராட்காம் தன் மோடம் தொழிலை மூடியது; என்விடியா வேறு துறைகளுக்குத் திரும்பியது. இன்டெல் மட்டும் பணத்தை வாரி இறைத்துத் தாக்குப்பிடிக்கப் பார்த்தது. 2014இல் அதன் கைப்பேசிப் பிரிவுக்கு ஓராண்டில் மட்டும் 400 கோடி டாலருக்கு மேல் இழப்பு. 2016இல் அதுவும் தோல்வியை ஒப்புக்கொண்டது. கணினி உலகையே ஆண்ட நிறுவனம் கைப்பேசியில் தோற்றதற்குத் திறமைக் குறைவு முக்கியக் காரணமாக இருக்க முடியாது. கணக்குப் போடும் பகுதியை மட்டும் நன்றாகச் செய்தால் கைப்பேசியில் போதாது. தொலைபேசிக் கோபுரத்தோடு பேசும் மோடமும் வேண்டும். இரண்டையும் ஒரே சில்லில் அடக்கினால்தான் விலை குறையும், பேட்டரி நிற்கும். அந்த மோடம் எவ்வளவு கடினம் என்பதற்கு ஆப்பிளே சான்று. இன்டெலின் மோடம் பிரிவை 100 கோடி டாலருக்கு 2019இல் வாங்கிய ஆப்பிள், தன் சொந்த மோடத்தை ஒரு ஐபோனில் வைத்து விற்க 2025 பிப்ரவரி வரை பாடுபட்டது.

அந்த வடிகட்டலில் தப்பியவர்கள் சிலர். அமெரிக்காவின் சான் டியேகோவில் 1985இல் தொடங்கிய குவால்காம், தைவானில் 1997இல் தொடங்கிய மீடியாடெக், தன் கைப்பேசிக்கு மட்டும் செய்துகொள்ளும் ஆப்பிள், தனக்கும் கொஞ்சம் பிறருக்கும் செய்யும் சாம்சுங், சீனாவின் ஹுவாவெய், யூனிசாக். அண்மையில் கூகளும் சியாவ்மியும் சொந்தச் சில்லோடு வந்திருக்கின்றன. இவர்களுக்குள் நடக்கும் போட்டி நிஜமானது. மீடியாடெக், சில்லோடு அதை வைத்துக் கைப்பேசி செய்வதற்கான முழுச் செய்முறையையும் சேர்த்து விற்றது. அதனால் சீனாவின் சிறு தயாரிப்பாளர்கள்கூட மலிவான கைப்பேசி செய்ய முடிந்தது. 2020இன் மூன்றாம் காலாண்டில், விற்ற சில்லுகளின் எண்ணிக்கையில் அது குவால்காமையே முந்தியது. இன்று சில நூறு வெள்ளிக்கு நம் கையில் கிடைக்கும் கைப்பேசி, இந்தச் சண்டை நமக்குக் கொடுத்த பரிசு. அதை நான் மறுக்கவில்லை.

இப்போது ஒரு தளம் கீழே இறங்குவோம். குவால்காமும் மீடியாடெக்கும் ஆப்பிளும் சாம்சுங்கும் சில்லுக்குள் எழுதும் கட்டளைகளின் மொழி ஒன்றே. அதன் உரிமையாளர் ஆர்ம் என்ற நிறுவனம். 1990இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பிறந்து, 2016இல் ஜப்பானின் சாஃப்ட்பேங்கின் கைக்குப் போனது. ஆர்ம் ஒரு சில்லையும் தயாரித்து விற்றுப் பெரிதானதில்லை. வீட்டு வரைபடம் விற்பவரைப் போல வடிவமைப்பை விற்கிறது. கட்டும் ஒவ்வொரு வீட்டுக்கும் பங்கு வாங்குகிறது. உலகின் விவேகக் கைப்பேசிகளில் ஏறக்குறைய எல்லாமே அந்த வரைபடத்தின்மேல்தான் நிற்கின்றன. இன்னொரு தளம் கீழே போனால் தொழிற்சாலை. 2024இல் வெளிவந்த ஆப்பிளின் ஏ18, குவால்காமின் ஸ்னாப்டிராகன் 8 எலீட், மீடியாடெக்கின் டைமென்சிட்டி 9400 ஆகிய மூன்று எதிரிகளும் தைவானின் டி.எஸ்.எம்.சி. ஆலையில், 3 நானோமீட்டர் முறையிலேயே வார்க்கப்பட்டார்கள். அங்கே ஒரு காலத்தில் மாற்று ஒன்று இருந்தது. குவால்காம் தன் ஸ்னாப்டிராகன் 8 ஜென் 1 சில்லைச் சாம்சுங் ஆலையில் செய்தது. சூடாகிறது, மின்சாரம் குடிக்கிறது என்ற புகார்கள் வந்தன. 2022இல் அதையே சற்றுத் திருத்தி டி.எஸ்.எம்.சி.யில் செய்தபோது குறை பெரிதும் நீங்கியது. சாம்சுங்கோடு இருந்த கூகளும் 2025இல் தைவானுக்கே மாறியது. இன்னும் கீழே, அந்த ஆலை பயன்படுத்தும் அதி புறஊதா ஒளி அச்சு இயந்திரம். அதைச் செய்பவர் உலகிலேயே ஒருவர்தான்: நெதர்லாந்தின் ஏ.எஸ்.எம்.எல்.

கீழ்த்தளத்தின் சாவிக்கு எவ்வளவு வலிமை என்பதை ஹுவாவெயின் கதை காட்டியது. அதன் கிரின் சில்லுகள் 2020வரை குவால்காமுக்கு இணையாக ஓடின. அமெரிக்க அரசு விதி ஒன்றைக் கொண்டுவந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 15க்குப் பிறகு டி.எஸ்.எம்.சி. ஹுவாவெய்க்குச் சில்லு செய்து கொடுக்க முடியாமல் போனது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கவேண்டும் என்பார்கள். வடிவமைப்பு கையில் இருந்தும், பொறியாளர்கள் இருந்தும், வாங்க ஆள் இருந்தும், வார்த்துத் தர ஆலை இல்லாததால் உலகின் முதல் வரிசைத் தயாரிப்பாளர் ஒருவர் சந்தையிலிருந்து ஏறக்குறைய மறைந்தார். 2023 ஆகஸ்டில் மேட் 60 புரோ கைப்பேசி வெளிவந்தபோதுதான் சீனாவிலேயே வார்த்த 7 நானோமீட்டர் சில்லோடு திரும்பிவந்தார்; அதற்குள் அந்த ஆலைத் தொழில்நுட்பம் முன்வரிசையிலிருந்து பல ஆண்டு பின்தங்கியிருந்தது. எந்தப் போட்டியாளரும் அவரை மேல்மாடியில் வீழ்த்தவில்லை. கீழே கதவு பூட்டப்பட்டது; அவ்வளவுதான்.

இந்த இடத்தில் ஒரு மறுப்பு வரும். யார் கையில் சாவி இருந்தால் என்ன, கைப்பேசி மலிவாகக் கிடைக்கிறதே, வாங்குபவருக்கு அதுதானே வேண்டும் என்று கேட்கலாம். வாங்குபவராக மட்டும் இருந்தால் இந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் மலிவு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். போட்டி இருக்கும் தளத்தில் விலை இறங்கியது. போட்டி இல்லாத தளத்தில் விலையைச் சாவிக்காரர் வைத்தார். குவால்காம் தன் காப்புரிமைக் கட்டணத்தைச் சில்லின் விலையில் கணக்கிடாமல் முழுக் கைப்பேசியின் விற்பனை விலையில் சதவீதமாகக் கணக்கிட்டது. நல்ல திரை வைத்தாலும், பெரிய நினைவகம் வைத்தாலும், சம்பந்தமில்லாத அந்தப் பாகங்களின் மதிப்பிலும் அதற்குப் பங்கு போனது. கைப்பேசி வாங்கிய ஒவ்வொருவரும், பெட்டியில் அச்சிடாத அந்த வரியைக் கட்டியிருக்கிறார். மேலும் நாம் வாங்குபவர்கள் மட்டுமா? சில்லை ஒட்டிப் பொதிந்து சோதித்து ஏற்றுமதி செய்யும் நாடு இது. தயாரிப்பவருக்கு மலிவு என்றால் கூலிக் குறைவு என்று இன்னொரு பொருளும் உண்டு.

இரண்டாவது மறுப்பு, சட்டம் இருக்கிறதே என்பது. நம்மிடம் 2010ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் இருக்கிறது. 2012 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. நாட்டுக்கு வெளியே நடக்கும் செயலும் மலேசியச் சந்தையைப் பாதித்தால் அது சட்டத்தின் வரம்புக்குள் வரும். அபராதம் உலகளாவிய வருமானத்தில் பத்து விழுக்காடு வரை போகலாம். ஏட்டில் இது பலமான சட்டம். ஆனால் நம்மைவிடப் பெரிய நாடுகள் இதே வழியில் போய்ப் பெற்றதென்ன? ஐரோப்பிய ஆணையம் 2018இல் குவால்காமுக்கு 99 கோடியே 70 லட்சம் யூரோ அபராதம் விதித்தது. 2022இல் நீதிமன்றம் அதை ரத்துச் செய்தது. அமெரிக்க வர்த்தக ஆணையம் 2019இல் கீழ் நீதிமன்றத்தில் வென்றது; 2020இல் மேல்முறையீட்டில் தோற்றது. 2015இல் சீனா மட்டும் 608 கோடி யுவான் அபராதத்தோடு, கட்டணம் கணக்கிடும் முறையையே மாற்றவும் வைத்தது. சட்டப் புத்தகத்தின் தடிமனில் அந்த வித்தியாசம் இல்லை. உலகின் கைப்பேசிகளில் பெரும்பகுதி சீனாவில்தான் செய்யப்பட்டது, வேறெந்த நாட்டையும்விட அங்கேதான் அதிகம் விற்றது. தவிர, சட்டம் தண்டிப்பது தவறான நடத்தையை. ஏ.எஸ்.எம்.எல். பல பத்தாண்டு ஆராய்ச்சியால் தனியாளாக நிற்கிறது. அதில் தண்டிக்க என்ன இருக்கிறது? சட்டம் காவல்காரர். வீடு கட்டித்தருவது அவர் வேலையில்லை.

இனி நம் தளத்துக்கு வருவோம். 1971இல் சுதந்திர வர்த்தக மண்டலச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டே பினாங்கில் இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையைத் திறந்தது. இங்கே பெட்டாலிங் ஜெயாவின் சுங்கைவேயில் மோட்டோரோலா வந்தது; அந்தச் சில்லுத் தொழில் 2004இல் ஃப்ரீஸ்கேல் என்றும், 2015இல் என்.எக்ஸ்.பி. என்றும் பெயர் மாறியது. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் உலகின் சில்லுப் பொதிவிலும் சோதனையிலும் ஏறக்குறைய 13 விழுக்காடு மலேசியாவில் நடக்கிறது. இது சிறிய சாதனையில்லை. 2021இல் பெருந்தொற்றால் இங்கே ஆலைகள் முடங்கியபோது, அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் ஃபோர்டு தன் வாகன ஆலையை ஒரு வாரம் நிறுத்தியது; மலேசியாவிலிருந்து வரவேண்டிய பாகம் வரவில்லை என்பதே காரணம். நாம் நின்றால் உலகம் நிற்கும். ஆனாலும் நாம் வைத்ததுதான் விலை என்ற நிலை இல்லை. பொதிவு வேலைக்குப் பல நாடுகள் போட்டியிடுகின்றன. போட்டி கடுமையாக இருக்கும் தளத்தில் லாபம் மெலிந்துதான் இருக்கும். அதிலும் ஒரு புதிய நெருக்கடி: முன்பு வார்ப்பவர் ஒருவர், பொதிபவர் ஒருவர் என்று பிரிந்திருந்தார்கள். 2016இன் ஐபோனுக்கான ஏ10 சில்லை டி.எஸ்.எம்.சி. வார்த்ததோடு, தன் சொந்த முறையில் பொதிந்தும் கொடுத்தது. கீழ்த்தளச் சாவிக்காரர் நம் தளத்துக்கும் வந்துகொண்டிருக்கிறார்.

இந்த நிலை நமக்குப் புதிதில்லை என்பதைத் தோட்டப்புற வரலாறு அறிந்த எவரும் ஒப்புக்கொள்வார். கிள்ளானைச் சுற்றிய தோட்டங்களில் விடியுமுன் நிரை பிடித்துப் பால்மரம் வெட்டியவர்கள் நம் முன்னோர். ரப்பர் போர்ட் சுவெட்டன்ஹாமில், இன்றைய போர்ட் கிள்ளானில், கப்பல் ஏறியது. விலை லண்டனில் நிர்ணயமானது. டயர் வேறெங்கோ உருவானது. உற்பத்தியைக் கட்டுப்படுத்தி விலையை ஏற்ற 1922இல் ஸ்டீவன்சன் திட்டம் வந்தது. கட்டுப்பாட்டுக்கு வெளியே இருந்த டச்சுக் காலனியின் தோட்டங்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. 1928இல் திட்டம் கைவிடப்பட்டது. அதிகம் வெட்டியும் ஆட்டத்தை மாற்ற முடியவில்லை, குறைத்து வெட்டியும் முடியவில்லை. மாற்றியது வேறொன்று. 1925இல் அமைந்த ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் சுங்கை பூலோவில் தன் சோதனைத் தோட்டத்தை வளர்த்து, அதிகப் பால் தரும் மர வகைகளை உருவாக்கியது. 1965இல் எஸ்.எம்.ஆர். என்ற மலேசியத் தர ரப்பர் முறை வந்தது. அதுவரை ரப்பர் ஷீட்டைக் கண்ணால் பார்த்துத் தரம் பிரித்தார்கள். எஸ்.எம்.ஆர். முறையில் அழுக்கு எவ்வளவு, சாம்பல் எவ்வளவு, நைட்ரஜன் எவ்வளவு என்று ஆய்வகத்தில் அளந்து கட்டுகளில் முத்திரையிட்டார்கள். இந்தோனேசியாவும் தாய்லாந்தும் பிறகு அதே வழியில் தங்கள் தர முறைகளை அமைத்தன. அளவுகோலைச் செய்தவர் என்ற இடம் அன்று நமக்குக் கிடைத்தது. சில்லுத் தொழிலில் நாம் தேடவேண்டியதும் அந்த இடத்தைத்தான்.

அரசு இதை உணராமல் இல்லை. 2024 மே 28ஆம் நாள் பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் தேசியச் சில்லுத் தொழில் வியூகத்தை அறிவித்தார். 2,500 கோடி வெள்ளி ஆதரவு, 60,000 பொறியாளர்களுக்குப் பயிற்சி என்பது அதன் உள்ளடக்கம். அந்த ஆகஸ்டில் பூச்சோங்கில் சில்லு வடிவமைப்புப் பூங்கா திறக்கப்பட்டது. 2025 மார்ச்சில் ஆர்ம் நிறுவனத்தோடு ஒப்பந்தம்: பத்து ஆண்டுகளில் 25 கோடி அமெரிக்க டாலர், அதற்கு ஈடாக வடிவமைப்பு உரிமங்களும் 10,000 பொறியாளர்களுக்குப் பயிற்சியும். இதைப் பாராட்டுகிறேன், பொதிவுத் தளத்திலிருந்து வடிவமைப்புத் தளத்துக்கு ஏற முயல்வது சரியான திசை. ஆனால், இனி நாமும் சில்லு செய்யும் நாடாகிவிட்டோம் என்று சிலர் சொல்லும்போது தயங்குகிறேன். உரிமம் வாங்குவது ஒரு தளத்தில் வாடகைக்குக் குடிபோவது. வாடகைக்காரர் எவ்வளவு பெரியவரானாலும் நிலை என்ன என்பதைக் குவால்காமே கண்டது. நூவியா என்ற சிறு நிறுவனத்தை அது 2021இல் 140 கோடி டாலருக்கு வாங்கியது. நூவியாவுக்குக் கொடுத்த உரிமம் உங்களுக்குச் செல்லாது, அந்த வடிவமைப்புகளை அழியுங்கள் என்று 2022இல் ஆர்ம் வழக்குப் போட்டது. 2024 அக்டோபரில் குவால்காமின் அடிப்படை உரிமத்தையே ரத்துச் செய்ய அறுபது நாள் நோட்டீஸ் கொடுத்தது. டிசம்பரில் நடுவர் குழு பெரும்பாலும் குவால்காமின் பக்கம் நின்றது. நோட்டீசும் பின்னர் திரும்பப் பெறப்பட்டது. அந்த வழக்கை நடத்தக் குவால்காமிடம் பணமும் வழக்கறிஞர் படையும் இருந்தன. பூச்சோங்கில் முப்பது பேரோடு தொடங்கும் நிறுவனத்திடம் என்ன இருக்கும்?

அப்படியானால் சாவியே இல்லாத கதவைத் தேடலாமே என்று கேட்பவர்கள் ரிஸ்க்-ஃபைவைச் சுட்டுவார்கள். 2010இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பிறந்த இந்தக் கட்டளை மொழியை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடியின் குழு இதன்மேல்தான் ‘சக்தி’ பிராசஸரை உருவாக்கி 2018இல் சில்லாகவே இயக்கிக் காட்டியது. இது வலுவான வாதம். ஆனால் முழு விடை ஆகாது. மொழி இலவசமாகக் கிடைத்தாலும் அதில் காவியம் எழுதுவதற்குப் புலவர் வேண்டும். எழுதியதை அச்சிட அந்தப் பழைய ஆலைக்கே போகவேண்டும். கைப்பேசியின் முதன்மைப் பிராசஸராக ஆர்மின் இடத்தைப் பிடிக்க ஆயிரக்கணக்கான ஆப்கள் புதிய மொழிக்கு மாறவேண்டும். ஆனால் ஒரு கைப்பேசிக்குள் பிராசஸர் மட்டுமா இருக்கிறது? மின்சாரத்தைப் பங்கிடும் சில்லு, திரையை இயக்கும் சில்லு, அலைவாங்கியைக் கவனிக்கும் சில்லு என்று எத்தனையோ இருக்கின்றன. இவற்றுக்கு 3 நானோமீட்டர் ஆலை தேவையில்லை. கூலிமில் உள்ள சில்டெரா ஆலைக்குத் திரையை இயக்கும் சில்லுகளை வார்த்த அனுபவம் உள்ளது. குவால்காமே தன் சில்லுகளுக்குள் சிறு கட்டுப்பாட்டு வேலைகளுக்கு ரிஸ்க்-ஃபைவைப் பயன்படுத்துகிறது. மேல்மாடியின் மல்யுத்தத்துக்குள் புகாமல் பக்கத்து அறைகளில் சொந்தமாக எழுதிப் பழக இடம் இருக்கிறது.

கடைசி மறுப்பு, நாம் சிறிய நாடு, இதெல்லாம் பெரியவர்களின் விளையாட்டு என்பது. அதற்கு என் விடை தைவான். 1966இல் காவ்சியூங்கில் ஏற்றுமதி மண்டலம் திறந்தபோது தைவானும் வெளிநாட்டார் பாகங்களை ஒட்டிக் கொடுக்கும் கூலி வேலையில்தான் இருந்தது; நமக்கு ஆறேழு ஆண்டு மூத்தது, அவ்வளவே. பாதை பிரிந்த இடம் 1976. அங்குள்ள தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ.விடம் உரிமம் வாங்கியது. அதோடு தன் இளம் பொறியாளர்களை அங்கே அனுப்பி, சில்லு வார்ப்பதைக் கையால் கற்று வரச் செய்தது. திரும்பி வந்தவர்களைச் சுற்றி 1980இல் யு.எம்.சி. உருவானது, அதே ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து 1987இல் டி.எஸ்.எம்.சி. பிறந்தது. 1997இல் யு.எம்.சி.யிலிருந்து பிரிந்ததுதான் மீடியாடெக். அதை நிறுவிய சாய் மிங்-காய், ஆர்.சி.ஏ.வுக்குப் போய்வந்த அந்தக் குழுவில் இருந்தவர். அங்கேயும் தொடக்கம் உரிமம்தான். ஆனால் அவர்கள் உரிமத்தைப் பள்ளிக்கூடமாக வைத்துக்கொண்டார்கள். நாம் வந்த ஆலைகளை வேலைவாய்ப்பாக வைத்துக்கொண்டோம். நம்மிடமும் பொறியாளர்கள் உருவானார்கள். அவர்களில் பலர் சிங்கப்பூருக்கும் அதற்கப்பாலும் போனார்கள். சம்பளம் ஒரு காரணம். கற்றதைச் சொந்தமாகப் போட்டுப் பார்க்கக் களம் இல்லாதது இன்னொரு காரணம்.

ஆகவே பூச்சோங்கையும் ஆர்ம் ஒப்பந்தத்தையும் அளக்க எஸ்.எம்.ஆர். காலத்தின் அளவுகோலையே முன்வைக்கிறேன். எத்தனை பேர் பயிற்சி பெற்றார்கள், எத்தனை நிறுவனங்கள் வந்தன என்ற கணக்குகள் நிரை எண்ணும் கணக்கு. பத்து ஆண்டு முடியும்போது வேறு மூன்று கேள்விகள் கேட்கவேண்டும். மலேசியாவில் எழுதிய வடிவமைப்பு ஒன்றுக்கு வெளிநாட்டு நிறுவனம் ஒன்றாவது உரிமக் கட்டணம் கட்டியதா? புதிய பொதிவு முறைகளில் நம் ஆலைகள் சொந்தக் காப்புரிமையோடு நிற்கின்றனவா, டி.எஸ்.எம்.சி. ஏறிவந்த படியில் ஒதுங்கி நிற்கின்றனவா? பயிற்சி பெற்றவர்கள் கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே நிறுவனம் தொடங்கினார்களா, சாங்கி விமான நிலையத்தில் இறங்கினார்களா? இந்த மூன்றுக்கும் இல்லை என்பதே விடையானால் 25 கோடி டாலர் வாடகையில் போனது என்று எழுதிக்கொள்ளலாம். ஒன்றுக்காவது ஆம் என்றால், நம் தமிழ்ப் பள்ளியில் படித்து வரும் ஒரு பிள்ளைக்குக் கீழ்த்தளத்தில் ஒரு சிறு அறையின் சாவி கிடைத்திருக்கிறது என்று பொருள். ஸ்னாப்டிராகனா, டைமென்சிட்டியா என்ற கேள்வியை அதுவரை கடைக்காரரிடமே விட்டுவிடுவோம்.